ப்ரூமின் வரலாற்றை முத்திடம் கேட்காதீர்கள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில், இந்தியப் பெருங்கடலுக்கும் ரோபக் வளைகுடாவுக்கும் நடுவே இருக்கிறது ப்ரூம் என்னும் சிற்றூர். 1883-ல் அது முறைப்படி ஊராக அறிவிக்கப்பட்டபோது, அன்றைய ஆளுநர் ஃபிரெடரிக் நேப்பியர் ப்ரூமின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். ஆளுநரின் பெயர் வருவதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அது யாவுரு மக்களின் மண். அவர்களுடைய நில உரிமையை ஆஸ்திரேலியக் கூட்டரசு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது 2006-ல்தான். இன்று அங்கு போகிறவருக்கு முதலில் கிடைக்கும் அறிமுகம் ‘முத்து நகரம்’ என்பது. கடைத்தெருவில் கண்ணாடிப் பேழைக்குள் வெள்ளிநிற முத்துகள் வரிசையாக இருக்கும். ஊரின் பழங்கதையும் அந்த முத்துகளைச் சுற்றியே சொல்லப்படும்: துணிச்சலான படகு முதலாளிகள், ஆழ்கடலில் கிடைத்த அதிர்ஷ்டம், கைமாறிய பெரிய முத்து, அதையொட்டிய கொலை. கேட்கச் சுவையான கதைதான். ஆனால் அந்த ஊர் முத்தால் வாழவில்லை. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அதற்குச் சோறு போட்டது சட்டைப் பொத்தான். ஒரு வட்டாரத்தின் வரலாற்றை அறிய வேண்டுமானால் அதன் அரும்பொருட்களை ஒதுக்கிவைத்துவிட்டு அன்றாடப் பொருட்களிடம் போக வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு ப்ரூமைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

முத்துக்குளித்தல் என்றதும் தமிழ் வாசகருக்கு மன்னார் வளைகுடா நினைவுக்கு வரும். அங்கே கிடைக்கும் சிப்பி சிறியது, ஓடு மெல்லியது. முத்துக்காகத்தான் அதை அள்ளினார்கள். முத்தை எடுத்த பிறகு ஓட்டுக்குப் பெரிய விலை கிடையாது. ப்ரூமில் கணக்கு தலைகீழ். அங்குள்ள வெள்ளி உதட்டுச் சிப்பி உலகின் முத்துச் சிப்பிகளிலேயே பெரியது. வளர்ந்த ஒன்று சாப்பாட்டுத் தட்டளவு இருக்கும். ஓடு தடிமனானது, உள்பக்கம் பளபளப்பது. அந்த ஓடுதான் சரக்கு. அதை டன் கணக்கில் எடைபோட்டு, மரப்பெட்டிகளில் அடைத்து, கப்பலேற்றி லண்டன் ஏல அறைகளுக்கு அனுப்பினார்கள். பிற்காலத்தில் நியூயார்க் பெரிய சந்தையானது. பர்மிங்காமிலும் வியன்னாவிலும் இருந்த பட்டறைகளில் குழாய் வடிவ வாளால் ஓட்டை வட்டவட்டமாக வெட்டி, தேய்த்து, துளையிட்டு, மெருகேற்றிப் பொத்தான் செய்தார்கள். கத்திப்பிடி, சீப்பு, நகைப்பெட்டியின் மேற்பதிப்பு ஆகியவற்றுக்கும் அது போனது. முத்து கிடைத்தால் அது தனி வரவு; அரிதாகத்தான் கிடைக்கும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தைக்கு வந்த சிப்பியோட்டின் பெரும்பகுதி ப்ரூமிலிருந்து போனது. முதல் உலகப் போருக்கு முந்தைய சில ஆண்டுகளில் ஏறத்தாழ 400 பாய்மரப் படகுகள் அந்தக் கரையிலிருந்து தொழிலுக்குப் போயின. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆயத்த ஆடை பெருகப் பெருக, அந்த ஆடைகளுக்குப் பொத்தான் தேவைப்படத் தேவைப்பட, இந்தக் கரையில் படகுகளும் பெருகின.

பொத்தானைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டால், முத்து பதில் சொல்லாத பல கேள்விகளுக்கு விடை கிடைக்கிறது. 1914-ல் போர் மூண்டதும் ஊர் ஏன் முடங்கியது? ஐரோப்பியப் பட்டறைகள் கொள்முதலை நிறுத்தின. 1950-களில் தொழில் ஏன் படுத்தது? பிளாஸ்டிக் பொத்தான் வந்தது. அது மலிவானது, ஒரே அளவாக வார்க்கக்கூடியது, சலவை இயந்திரத்தைத் தாங்குவது. ப்ரூம் இன்று பெருமைப்படும் வளர்ப்பு முத்துத் தொழில் அதற்குப் பிறகு வந்தது. 1956-ல் ஊருக்கு வெகு வடக்கே, பின்னர் கூரி பே என்று பெயர் பெற்ற இடத்தில், ஜப்பானியக் கூட்டுறவுடன் முதல் பண்ணை தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை மேற்கு ஆஸ்திரேலியச் சட்டம் முத்து வளர்ப்பையே தடை செய்திருந்தது. ஆகவே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் வளர்ப்பு முத்தை வைத்து ஊரின் முழு வரலாற்றையும் விளக்குவது காலத்தைக் குழப்புவதாகும். பழைய காலத்து இயற்கை முத்தை எடுத்துக்கொண்டால்கூட, அது சிலருடைய கதையை மட்டுமே சொல்கிறது: எடுத்த படகின் முதலாளி, வாங்கிய வணிகர், அதன் மேல்தோலை நுட்பமாக உரித்து மெருகேற்றிய கைவினைஞர். அந்தக் கடைசிப் பணியில் ப்ரூமில் பெரும்புகழ் பெற்றவர் இலங்கையில் பிறந்த டி. பி. எல்லீஸ். அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆனால் ஆயிரக்கணக்கான ஆட்களை அந்தக் கரைக்கு இழுத்துவந்து, கடலுக்குள் இறக்கி, அவர்களில் பலரை அங்கேயே புதைத்தது ஓட்டின் எடை. குளியாளுக்குக் கூலி டன் கணக்கில். முத்து கிடைத்தால் அது முதலாளியுடையது.

அந்த ஆட்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் அடுத்த பொருள் முக்குளி உடை. 1880-களில் அது ப்ரூம் பக்கம் புழக்கத்துக்கு வந்தது. செம்புத் தலைக்கவசம், தோள்தகடு, ரப்பர் பூசிய கெட்டித் துணியால் ஆன அங்கி, உள்ளே கம்பளி, காலில் ஈயம் பதித்த காலணி. முழு உடையின் எடை ஓர் ஆளின் எடைக்கு ஈடாகும். சுற்றுலா விளம்பரங்களில் நாம் பார்ப்பது தலைக்கவசத்தை மட்டும்தான்; துலக்கி வைத்தால் அது அழகாகவும் இருக்கும். ஆனால் அந்தக் கவசம் தனியாக எதுவும் செய்யாது. அதிலிருந்து ஒரு குழாய் மேலே போகும். குழாயின் மறுமுனையில் கைப்பம்பு இருக்கும். பம்பின் சக்கரத்தைச் சுற்ற ஆட்கள் இருப்பார்கள். மோட்டார் வரும்வரை, கீழே இருப்பவரின் ஒவ்வொரு மூச்சும் மேலே சுற்றுகிறவர்களின் தோள்வலியிலிருந்து வந்தது. இன்னொருவர் உயிர்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, கீழிருந்து வரும் இழுப்புகளை எண்ணிக் குறிப்பறிவார். குளியாள் பெரும்பாலும் ஜப்பானியர். வகயாமா மாகாணத்தின் தைஜி முதலிய கடலோர ஊர்களிலிருந்து வந்தவர். பம்பு சுற்றியவர்கள், பாய் இழுத்தவர்கள், சிப்பி கழுவியவர்களில் பலர் டிமோரின் குப்பாங் துறைமுகத்தில் ஒப்பந்தம் செய்து ஏற்றப்பட்டவர்கள். மலாய்க்காரர்களும் மணிலாக்காரர்களும் இருந்தார்கள். ஒரு படகுக்குள் நாலைந்து மொழிகள். மலாயை அடிப்படையாகக் கொண்டு ஒரு கலப்பு மொழியே படகுகளில் உருவாகியிருந்தது. கவசத்தைப் பீடத்தில் தனியே வைத்தால் ஒரு வீரன் தெரிவான். பம்பையும் கயிற்றையும் சேர்த்து வைத்தால்தான் தொழிலும், அதில் யார் எந்த இடத்தில் இருந்தார்கள் என்பதும், அதில் யாருக்கு எவ்வளவு கூலி என்பதும் தெரியும். கூலி ஏணியில் குளியாள் மேல்படி, பம்பு சுற்றியவர் கீழ்ப்படி. 1920 டிசம்பரில் ஜப்பானியர்களுக்கும் குப்பாங்காரர்களுக்கும் இடையே ப்ரூம் தெருக்களில் மூண்ட கலவரத்தை இன வெறுப்பு என்று மட்டும் சொல்லி முடித்துவிடக் கூடாது. அந்தக் கூலி ஏணியையும் பார்க்க வேண்டும்.

இதே உடையை வைத்து ஆஸ்திரேலிய அரசியலின் பெரிய முரண் ஒன்றையும் விளக்கிவிடலாம். 1901-ல் நிறைவேறிய குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெள்ளையர் அல்லாதவர்களை நாட்டுக்குள் விடாமலிருப்பதற்கானது. முத்துச்சிப்பித் தொழிலுக்கு மட்டும் விலக்கு தந்தார்கள். அது மெல்பர்னில் பலருக்கு உறுத்தியது. ஆசியர்களை நீக்கிவிட்டு வெள்ளையரையே கடலுக்குள் இறக்கலாம் என்று 1912-ல் பிரிட்டிஷ் கடற்படையில் பயிற்சி பெற்ற முக்குளிகளை வரவழைத்துப் பார்த்தார்கள். அவர்களிடம் உடையும் பயிற்சியும் இருந்தன. கலங்கிய நீரில் தரையோடு தரையாகக் கிடக்கும் சிப்பியைக் கண்டுபிடிக்கும் கண் இல்லை. உயிரிழப்பும் நேர்ந்தது. முயற்சி தோற்றது. 1916-ல் அறிக்கை தந்த அரச ஆணையம், ஆசியத் தொழிலாளர்களை மாற்றுவது நடைமுறைக்கு ஒத்துவராது என்ற முடிவுக்கு வந்தது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டமே வளைந்துகொடுத்தது பொத்தானுக்காக. இதை நாடாளுமன்ற விவாதக் குறிப்புகளிலும் படிக்கலாம். ஆனால் அந்த உடையை அணிந்தவர் பெயரைக் கேட்கும்போதுதான், நாட்டுக்கு அவருடைய நுரையீரல் தேவைப்பட்டது, அவர் குடும்பம் தேவைப்படவில்லை என்பது உறைக்கிறது.

அந்த நுரையீரல் என்ன ஆனது என்பதைச் சொல்ல ஊரிலேயே கற்கள் இருக்கின்றன. 20 பாக ஆழத்துக்கும் கீழே நெடுநேரம் வேலை செய்துவிட்டு விரைவாக மேலே வந்தால், இரத்தத்திலும் தசையிலும் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழாகி நரம்பைத் தாக்கும். கை கால் முடங்கும், உயிரும் போகும். படிப்படியாக நின்று நின்று மேலேற வேண்டும் என்ற அட்டவணையை ஜான் ஸ்காட் ஹால்டேன் குழுவினர் 1908-ல் வெளியிட்டார்கள். அது கைக்கு வந்த பின்னும் டன் கணக்குக் கூலி குளியாளை அவசரப்படுத்திக்கொண்டேதான் இருந்தது. ப்ரூமின் ஜப்பானிய இடுகாட்டில் 700-க்கும் மேற்பட்ட கல்லறைகளில் 900-க்கும் மேற்பட்டவர்கள் கிடக்கிறார்கள். ஊர்க்கரைப் பாறையில் வெட்டிய, செம்மையும் மஞ்சளும் கலந்த கரடுமுரடான கற்கள். அவற்றில் ஜப்பானிய எழுத்து. 1908 புயலில் கடலோடு போனவர்களுக்கு உயரமான தூண் ஒன்று தனியே நிற்கிறது. குளியாளின் கூலியில் சேர்த்த பணத்தில், இறந்தவர்களின் ஊர்க்காரர்கள் எழுப்பிய கற்கள் இவை. ஒரு தொழில் ஒரு தலைமுறைக்கு என்ன செய்தது என்பதை இந்த இடுகாட்டில் ஒரு மணி நேரம் நடந்தே புரிந்துகொள்ளலாம். அதே நேரத்தில் அங்கே பம்பு சுற்றிய குப்பாங்காரர்களுக்கு இப்படி வரிசையான கல் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சாவிலும் கூலிப் படிநிலை தெரிகிறது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். பொருள்களை நம்பி வரலாறு எழுதினால், பொருளை விட்டுச்செல்லும் வசதி இருந்தவர்களின் வரலாறுதானே கிடைக்கும்? முதலாளியின் சாப்பாட்டு மேசையும் பீங்கானும் பியானோவும் பத்திரமாக இருக்கும். கூலியாளின் பாய் மட்கிப்போயிருக்கும். உண்மை. ப்ரூமில் இந்தச் சிக்கல் இன்னும் கடுமையானது. முக்குளி உடை வருவதற்கு முன், 1860-கள் முதல், வடமேற்குக் கரையெங்கும் பழங்குடி ஆண்களையும் பெண்களையும் வெறும் உடலோடு கடலில் இறக்கினார்கள். உள்நாட்டிலிருந்து கடத்திக்கொண்டு வரப்பட்டவர்கள் உண்டு. ப்ரூமுக்கு வடக்கே உள்ள லாசிப்பீட் தீவுகளில் தப்பிக்க முடியாதபடி விட்டுவைக்கப்பட்டவர்கள் உண்டு. 1871-ல் அன்றைய குடியேற்ற ஆட்சி, இந்தத் தொழிலில் பெண்களை அமர்த்தக் கூடாது என்று சட்டம் இயற்றியது. தடை போட வேண்டிய அளவுக்கு அது நடந்துகொண்டிருந்தது என்பதற்கு அந்தச் சட்டமே சாட்சி. கருவுற்ற பெண்களுக்கு மூச்சடக்கும் ஆற்றல் அதிகம் என்ற நம்பிக்கையில் அவர்களையே தேடிப் பிடித்தார்கள் என்ற நினைவு அந்த மக்களிடம் இன்றும் இருக்கிறது. இவர்கள் விட்டுச்சென்ற கருவி என்று எதைக் காட்டுவது? தலைக்கவசம் இல்லை, குழாய் இல்லை, காலணி இல்லை. கருவியாக இருந்தது அவர்களுடைய உடல்.

இந்த மறுப்புக்கு என் பதில், அன்றாடப் பொருளை வழியாகக் கொண்டவர்தான் இந்த வெற்றிடத்தை முதலில் உணர்வார் என்பது. வரிசையாகப் பொருள்களை அடுக்கிவரும்போது, தொழிலின் முதல் இருபது ஆண்டுகளுக்கு நேரே இடம் காலியாக இருக்கும். ஏன் காலி என்று கேட்டாக வேண்டும். முத்தை மட்டும் வைத்துக் கதை சொல்பவருக்கு அந்தக் கேள்வியே வராது. அவருக்கு 1860-லும் முத்து உண்டு, 1960-லும் முத்து உண்டு, இடைவெளி தெரியாது. அதுமட்டுமல்ல, பழங்குடி மக்களோடு தொடர்புடைய பொருள் எதுவுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் மனம் கூசுகிறது: கழுத்துச் சங்கிலி. ப்ரூமில் பழங்குடிக் கைதிகளைக் கழுத்தோடு கழுத்தாகச் சங்கிலியில் பிணைத்துத் தெருவில் வேலை வாங்கினார்கள். ஊரின் சாலைகளில் அவர்கள் உழைப்பு கலந்திருக்கிறது. அவர்கள் மீதான குற்றச்சாட்டுகளில் மாடு கொன்றது அடிக்கடி வரும். அந்தக் கைதிகளின் வேட்டை நிலத்தில் மந்தையைக் கொண்டுவந்து விட்டவர்களின் மாடு அது. 1904-ல் அமர்த்தப்பட்ட வால்டர் ராத், 1905-ல் தந்த அரச ஆணைய அறிக்கையில் இந்தச் சங்கிலியைக் கண்டித்தார். அதன் பின்னும் பல பத்தாண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவில் அந்தப் பழக்கம் ஒழியவில்லை. கொல்லர் பட்டறையில் அடித்த சாதாரண இரும்புதான். அது காவல் நிலையத்தின் அன்றாடப் பொருளாக இருந்தது. அந்த ஊரின் வரலாற்றை நேர்மையாகச் சொல்ல விரும்பும் அருங்காட்சியகம் பொத்தானுக்குப் பக்கத்தில் இந்தச் சங்கிலியை வைக்க வேண்டும். இரண்டும் ஒரே ஊரில், ஒரே ஆண்டுகளில், ஒரே அதிகாரத்தின் கீழ் புழங்கியவை. எந்த இடத்தில், எப்படி, வைக்கலாமா என்பதையே அந்தக் கைதிகளின் வழிவந்தவர்கள் தீர்மானிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இன்னொரு மறுப்பு வரலாற்றுத்துறையைச் சேர்ந்தவர்களிடமிருந்து வரக்கூடியது: பொருள் பேசாது, ஆவணம்தான் பேசும். பம்பைப் பார்த்து அதைச் சுற்றியவர் குப்பாங்காரர் என்று யாரால் சொல்ல முடியும்? ஒப்பந்தப் பதிவேடு இருப்பதால்தானே தெரிகிறது? இதை முழுமையாக ஏற்கிறேன். மேலே நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சட்டமோ அறிக்கையோ பதிவேடோ இருக்கிறது. ஆனால் பதிவேட்டை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்பதையும் பார்க்க வேண்டும். சுங்கத்துறைக்கு டன் கணக்கு தேவை. குடிவரவு அலுவலருக்கு ஆள் திரும்பிப் போனானா என்பது தேவை. காவலருக்குக் குற்றம் தேவை. அவர்களுக்குத் தேவைப்படாதது காகிதத்தில் ஏறவில்லை. 1905-ல் மேற்கு ஆஸ்திரேலியா கொண்டுவந்த பழங்குடியினர் சட்டம் பழங்குடிப் பெண்கள் பிற இனத்தவரை மணக்க அரசு அதிகாரியின் அனுமதி வேண்டும் என்றது. ஆசியத் தொழிலாளர்களோடு அவர்கள் சேர்ந்து வாழ்வதைக் குற்றமாக்கியது. காகிதத்தின்படி பார்த்தால் அந்தக் குடும்பங்கள் இருந்திருக்கவே கூடாது. ஆனால் ப்ரூமின் பழைய குடும்பங்களின் அடுக்களைக்குப் போனால் சோறும் சோயாச் சாறும் மிளகாயும் மீனும் சிப்பிச் சதையும் ஒரே அடுப்பில் ஏறியிருக்கின்றன. ஒரே வீட்டில் யாவுரு பாட்டி, மலாய்த் தாத்தா, ஜப்பானியச் சித்தப்பா. 1990-ல் ‘ப்ரான் நியூ டே’ இசை நாடகத்தை உருவாக்கி ஆஸ்திரேலியா முழுவதும் அறியப்பட்ட ப்ரூம்காரர் ஜிம்மி சீயின் முன்னோரில் சீனர், ஜப்பானியர், ஸ்காட்லாந்துக்காரர், பார்டி பழங்குடியினர் எல்லோரும் உண்டு. சட்டம் மறுத்த உறவைச் சோற்றுப்பானை காப்பாற்றி வைத்திருந்தது. இந்த இடத்தில் பொருள்தான் ஆவணத்தைத் திருத்துகிறது.

காகிதம் ஒன்று சொல்ல, பொருள் அதையே உடலில் உணரவைக்கும் இடங்களும் உண்டு. ப்ரூமின் சன் பிக்சர்ஸ் திறந்தவெளித் திரையரங்கு 1916-ல் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே படம் ஓடுகிறது. அந்த அரங்கின் நாற்காலிகளைப் பற்றி ஊர்க்காரர்களிடம் கேட்டால் ஒரு சமூகப் படமே கிடைக்கும். நடுவில் பிரம்பு நாற்காலிகள் வெள்ளையருக்கு. ஜப்பானியருக்கும் சீனருக்கும் வேறு வரிசை. மலாய்க்காரர்களுக்கும் பழங்குடியினருக்கும் தனி வாசல், கட்டை பெஞ்சு. 1960-களில்தான் இந்தப் பிரிவினை முடிவுக்கு வந்தது. இனப் பாகுபாடு என்ற சொல்லைப் படிக்கிற மாணவரைவிட, பிரம்பு நாற்காலியையும் முதுகு சாய முடியாத பெஞ்சையும் அடுத்தடுத்துப் பார்க்கிற மாணவர் அதிகம் புரிந்துகொள்வார். போர்க்காலத்தைச் சொல்லவும் நினைவுச்சின்னம் தேவையில்லை. 1941 டிசம்பரில், நேற்றுவரை பக்கத்து வீட்டில் இருந்த ஜப்பானியர்களை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1942 மார்ச் 3-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ப்ரூமைத் தாக்கியபோது குறைந்தது 88 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஜாவாவிலிருந்து தப்பிவந்த டச்சுப் பெண்களும் குழந்தைகளும். அன்று எரிந்த மிதவை விமானங்களின் கூடுகள் கடல் வெகுதூரம் வற்றும் நாட்களில் இன்றும் சேற்றில் தெரிகின்றன.

எல்லாப் பொருளையும் இப்படி எடுத்துக் காட்டிவிடலாமா என்றால், கூடாது. சிப்பியோட்டின் வரலாறு பொத்தானோடு தொடங்கவில்லை. டாம்பியர் தீபகற்பத்தின் பார்டி, ஜாவி மக்கள் அதே ஓட்டில் கோடுகள் செதுக்கி, காவி நிரப்பி ‘ரிஜி’ என்ற அணியைச் செய்தார்கள். ஓட்டின் மினுக்கத்தை அவர்கள் நீரோடும் மழையோடும் மின்னலோடும் சேர்த்துப் பார்த்தார்கள். கைமாறிக் கைமாறி அது பாலைவனம் கடந்து, ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்த மக்களிடம்கூடச் சேர்ந்திருக்கிறது. கிம்பர்லி குகைத்தங்கல்களில் கிடைத்த சிப்பித் துண்டுகள் ஏறத்தாழ 20,000 ஆண்டுப் பழமை கொண்டவை. ரிஜி அன்றாடப் பொருளும் அல்ல, யார் வேண்டுமானாலும் எடுத்து விளக்கம் சொல்லும் பொருளும் அல்ல. சடங்கில் இடம்பெறும் ஓட்டைப் பொதுவில் காட்டலாமா என்பதே அந்த மக்கள் முடிவு செய்ய வேண்டியது. மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் 2015-ல் ‘லஸ்டர்’ என்ற முத்துத்தொழில் கண்காட்சியை நியாம்பா புரு யாவுரு அமைப்போடு கூட்டாக உருவாக்கியது சரியான முன்மாதிரி. பொருளின் மீது முதல் சொல் யாருடையது என்ற கேள்வியை அப்படித்தான் தீர்க்க வேண்டும். ரிஜியைப் பொத்தானுக்கு முந்தைய கட்டம் என்பதுபோல ஒரே வரிசையில் வைப்பதையும் நான் ஏற்க மாட்டேன். ஒரே ஓடுதான். ஆனால் ஒன்றில் அதற்கு விலை கிடையாது, மதிப்பு உண்டு; மற்றொன்றில் விலை மட்டுமே உண்டு. ஓர் உலகத்தை மற்றோர் உலகத்தின் முன்னுரையாக்குவது, நிலத்தைப் பறித்தவர்கள் செய்த தவறையே வரலாற்றிலும் செய்வதாகும்.

பழம்பொருள்மீது வைக்கும் பற்று வெறும் ஏக்கமாகச் சுருங்கிவிடும் என்ற அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. துலக்கிய கவசம் விடுதி வரவேற்பறையில் அலங்காரமாகிறது. படகின் சுக்கான் மதுக்கூடத்தின் சுவரில் தொங்குகிறது. பயனிலிருந்து பிரிந்த பொருள் எதையும் சொல்லாது, அழகாக மட்டும் இருக்கும். அதனால்தான் நான் பொருளை மட்டும் கேட்கவில்லை; அதன் வேலையையும் சேர்த்துக் கேட்கிறேன். ப்ரூம் அருங்காட்சியக வளாகத்தில் பாய் தைப்பவர் கொட்டகையைப் பழுதுபார்த்துக் காத்து வைத்திருக்கிறார்கள். அது நல்ல வேலை, ஏனென்றால் அங்கே நிற்பவருக்கு ஒரு தொழிலின் இடம் கிடைக்கிறது: துணி விரித்த தரை, ஊசி, உள்ளங்கைத் தோலுறை, மெழுகு, உட்கார்ந்த ஆள். புயல் மாதங்களில் படகுகளைச் சதுப்புநில ஓடைகளில் ஏற்றிவைத்துவிட்டு, அடுத்த பருவத்துக்காகப் பாயும் கயிறும் சரிபார்த்த மாதங்கள் அங்கே தெரிகின்றன. அந்த மாதங்களில்தான் ஊரில் கடலாட்கள் நிறைந்திருந்தார்கள், சீனக் கடைகளில் கடன் ஏறியது, சூதாட்டம் நடந்தது, கலவரமும் நடந்தது. பொருளின் வேலையைப் பின்தொடர்ந்தால் ஏக்கத்துக்கு அதிக இடம் கிடைக்காது.

சிலர் கேட்கலாம்: ஒரு தொலைதூர ஊரின் சட்டைப் பொத்தானைப் பற்றி இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது, தேசத்தின் வரலாற்றுக்குக் கூட்டரசும் பிரதமர்களும் போர்களும் போதாதா என்று. போதாது. தேசிய வரலாறு சொல்லும் ‘வெள்ளை ஆஸ்திரேலியா’ கொள்கை ப்ரூமில் ஒரு நாள்கூட முழுமையாக நடைமுறையில் இருந்ததில்லை. ஆஸ்திரேலியா ஆசியாவோடு 1970-களுக்குப் பிறகுதான் நெருங்கியது என்ற பாடப்புத்தகக் கருத்தும் ப்ரூமில் நிற்காது. அங்கே 1970-ல் தொடங்கிய ஷிஞ்ஜு மட்சுரி விழா, அதற்கு முன்பே ஜப்பானியரும் மலாய்க்காரரும் சீனரும் தனித்தனியே கொண்டாடிவந்த விழாக்களின் சேர்க்கை. தலைநகரிலிருந்து எழுதும் வரலாற்றைத் திருத்தும் சான்று விளிம்பிலிருக்கும் ஊரின் அலமாரியில்தான் இருக்கிறது.

ஆகவே மேற்கு ஆஸ்திரேலிய அரசுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் நான் வைக்கும் கோரிக்கைகள் தெளிவானவை. முத்துக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியையாவது பொத்தானுக்கும் பம்புக்கும் பெஞ்சுக்கும் கொடுங்கள். தொழிலின் முதல் இருபது ஆண்டுகளுக்கு நேரே இருக்கும் காலி இடத்தை எதைக்கொண்டும் நிரப்பாமல், அது ஏன் காலியாக இருக்கிறது என்று எழுதி வையுங்கள். ஒப்பந்தப் பதிவேடுகளை முழுமையாக எண்ணிம வடிவில் வெளியிட்டு, குப்பாங்கிலும் தைஜியிலும் மணிலாவிலும் இருக்கும் பேரப்பிள்ளைகள் தங்கள் தாத்தாவின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வழிசெய்யுங்கள். விவரப் பலகைகளை யாவுரு, ஜப்பானிய, இந்தோனேசிய மொழிகளிலும் எழுதுங்கள். பம்பு சுற்றியவர்களின் நினைவை வீட்டில் வைத்திருக்கும் கடைசித் தலைமுறைக்கு வயதாகிவிட்டது. அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டிய வேலை இன்றே தொடங்க வேண்டியது.